கோட்ஃபிரீட் சில்பர்மானை அவர் கட்டிய ஆர்கன்களின் வழியே பயில்வது எப்படி?

கோட்ஃபிரீட் சில்பர்மான் 1683இல் பிறந்து 1753இல் மறைந்தவர். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் ஏறக்குறைய 50 பைப் ஆர்கன்களைக் கட்டியவர். அவற்றுள் சுமார் 30 இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவை வழிபாட்டிலும் கச்சேரியிலும் ஒலிக்கின்றன. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்காத ஒரு கைவினைஞரை அறிந்துகொள்ள, அவர் கையால் உருவான பொருள் இத்தனை எண்ணிக்கையில் கிடைப்பது அரிய பேறு. ஆகவே சில்பர்மானைப் பயில விரும்புகிறவர் ஆண்டுகளையும் பட்டங்களையும் மனப்பாடம் செய்வதைவிட, அவருடைய ஆர்கன்களைச் சரியான வரிசையில், சரியான கேள்விகளுடன் கேட்கக் கற்றுக்கொள்வதே நல்லது. மேற்கத்திய இசையில் முன்பயிற்சியோ ஜெர்மன் மொழி அறிவோ இல்லாதவரும் வீட்டிலிருந்தே அதைச் செய்யலாம்; அதற்கான வழிமுறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

வாழ்க்கைக்கு ஒரு சட்டகம்

ஒரு தாளில் ஆண்டு, இடம், உடனிருந்தவர் என்று மூன்று பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். இடங்களைப் பொறுத்தவரை நான்கு பெயர்கள் போதும்: ஃபிராவென்ஸ்டைன், ஸ்டிராஸ்பர்க், ஃபிரைபர்க், டிரெஸ்டன். தச்சர் ஒருவரின் மகனாக, 1683 ஜனவரி 14இல் கிளைன்போப்ரிட்ச் என்னும் சிற்றூரில் பிறந்த சில்பர்மான், பக்கத்து ஊரான ஃபிராவென்ஸ்டைனில் வளர்ந்தார். அவருக்கு முன்பே ஆர்கன் தொழிலுக்குப் போய் ஸ்டிராஸ்பர்கில் நிலைகொண்டிருந்த அண்ணன் ஆண்ட்ரியாஸிடம், 1702 வாக்கில் தொழில் கற்கச் சென்றார். ஆண்ட்ரியாஸ் 1704 முதல் 1706 வரை பாரிஸில் ஃபிரான்சுவா தியரி என்ற ஆர்கன் வினைஞரிடம் பிரெஞ்சு முறையைப் பயின்றவர். அண்ணன் பாரிஸிலிருந்து கொண்டுவந்த அறிவு தம்பிக்கும் கிடைத்தது. பின்னாளில் தம்பியின் ஆர்கன்களில் கேட்கும் பிரெஞ்சுச் சாயல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுவே விடையாதலால், இந்த ஆண்டுகளைத் தாளில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1710இல் அவர் சாக்சனிக்குத் திரும்பினார். சொந்த ஊரான ஃபிராவென்ஸ்டைனுக்கு 1711இல் ஓர் ஆர்கன் செய்து கொடுத்தார். அதற்குள்ளாகவே, வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த ஃபிரைபர்க் நகரின் பேராலயத்திற்குப் பெரிய ஆர்கன் ஒன்றைக் கட்டும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்துவிட்டது. லைப்சிக் நகரின் புகழ்பெற்ற இசையாசிரியர் யோஹான் கூனாவ் அவருக்காகப் பரிந்துரைத்தார். 27 வயது இளைஞர் ஒருவரை நம்பி, தன் தலைமை ஆலயத்தின் கருவியை ஒரு நகரம் ஒப்படைத்தது என்பதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். 1714 ஆகஸ்டில் அந்த ஆர்கன் பரிசோதிக்கப்பட்டுப் பயன்பாட்டுக்கு வந்தது. பரிசோதித்தவர்களுள் கூனாவும் ஒருவர். அதன்பின் தம் பட்டறையை ஃபிரைபர்கிலேயே வைத்துக்கொண்ட சில்பர்மான், ஊர் ஊராகப் பட்டறையை மாற்றிக்கொண்டிருக்காமல், பாகங்களை அங்கேயே செய்து வண்டிகளில் ஏற்றி அனுப்பி, ஆலயத்தில் பொருத்திச் சுருதி சேர்க்கும் முறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். 1723இல் சாக்சனி ஆட்சியாளரிடமிருந்து அரசவை ஆர்கன் வினைஞர் என்ற பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. டிரெஸ்டன் அரசவை ஆலயத்தின் ஆர்கன் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1753 ஆகஸ்ட் 4இல் அந்நகரில் இறந்தார்.

சட்டகம் இவ்வளவுதான். இளமைக் குறும்புகள், புதையல் தேடியது, ஊரைவிட்டு ஓடியது என்றெல்லாம் அவரைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. ஆவணச் சான்று இல்லாத எதையும் தாளில் ஏற்றாதீர்கள். வேண்டுமானால் பின்பக்கத்தில் தனியே குறித்து வையுங்கள். ஆர்கன் வினைஞரின் வாழ்க்கைக்கு நம்பத்தகுந்த ஆவணங்கள் மூன்று வகை. எந்தெந்தக் குழல் வரிசைகள், எந்த உலோகத்தில், என்ன விலைக்கு என்று கூறும் ஒப்பந்தம் முதலாவது. வேலை முடிந்ததும் வெளியூர் இசைக் கலைஞர்கள் வந்து சோதித்துத் தந்த அறிக்கை இரண்டாவது. ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கு மூன்றாவது. இம்மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் தயங்காமல் நம்பலாம்.

கருவியின் உள்ளே நடப்பது

ஆர்கனைக் கேட்பதற்கு முன் அது இயங்கும் விதத்தை ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். துருத்திகள் காற்றை அழுத்தி, மரத்தாலான காற்றுப்பெட்டிக்கு அனுப்புகின்றன. சில்பர்மான் காலத்தில் துருத்தியை மிதிக்கத் தனி ஆள் இருந்தார். இன்று பெரும்பாலும் மின்விசிறி அந்த வேலையைச் செய்கிறது. காற்றுப்பெட்டியின் மேல் குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரே நிறமுள்ள ஒலியைத் தரும் குழல்களின் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். வாசிப்பவர் தம் பக்கத்திலுள்ள ஒரு குமிழை இழுத்தால், அந்த வரிசையின் அடியிலிருக்கும் துளையிட்ட பலகை நகர்ந்து வழிவிடும். பிறகு கட்டையை அழுத்தும்போது, மெல்லிய மரச்சட்டங்களின் தொடர் ஒன்று இழுபட்டு, அந்தச் சுரத்துக்குரிய அடைப்பைத் திறக்கும். வழிவிட்ட வரிசையும் திறந்த அடைப்பும் சந்திக்கும் குழல் மட்டும் ஒலிக்கும். விரலுக்கும் அடைப்புக்கும் இடையே மின்சாரம் எதுவும் இல்லாததால், கட்டையை எவ்வளவு விரைவாகத் திறக்கிறார் என்பதுகூட ஒலியின் தொடக்கத்தில் சிறிது வேறுபாட்டை உண்டாக்கும். நல்ல ஒலிப்பதிவில் இதை நீங்களே கேட்கலாம்.

ஸ்டாப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். 8 அடி என்றால், அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய திறந்த குழல் ஏறக்குறைய 8 அடி நீளம். கட்டையில் அழுத்திய சுரமே அதே ஸ்தாயியில் கேட்கும். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே. சில வரிசைகள் அழுத்திய சுரத்தைத் தராமல் அதன் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தையோ காந்தாரத்தையோ தரும். அவை தனியே ஒலிப்பதற்கு அல்ல, மற்ற வரிசைகளோடு கலந்து புதிய நிறம் உண்டாக்குவதற்கு உரியவை.

ஸ்டாப் பட்டியலை ஒரு ஆவணமாகப் படிப்பது

ஆர்கன் வினைஞரின் மனத்தை மிக நேரடியாகக் காட்டுவது ஸ்டாப் பட்டியல். ஃபிரைபர்க் பேராலயத்தின் பெரிய ஆர்கனை எடுத்துக்கொள்வோம். கைகளுக்கு மூன்று கட்டை வரிசைகள், கால்களுக்கு ஒரு வரிசை. மொத்தம் 44 ஸ்டாப்கள், 2,500க்கும் மேற்பட்ட குழல்கள். முதன்மைக் கட்டை வரிசைக்கு 13, மேல் வரிசைக்கு 13, மார்புப் பகுதி எனப்படும் மூன்றாவது வரிசைக்கு 9, கால்கட்டைக்கு 9 என்று ஸ்டாப்கள் பிரிகின்றன. பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிசையின் பிரின்சிபால் எத்தனை அடி என்று மட்டும் முதலில் பாருங்கள். பிரின்சிபால் என்பது ஆர்கனின் அடிப்படை ஒலி. முகப்பில் பளபளக்கும் வெள்ளீயக் குழல்கள் பெரும்பாலும் அதற்குரியவை. முதன்மை வரிசையில் 8 அடி, மேல் வரிசையில் 8 அடி, மார்புப் பகுதியில் 4 அடி, கால்கட்டையில் 16 அடி. ஒரு குடும்பத்தின் நான்கு பேர் நான்கு உயரத்தில் நிற்பதுபோல, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குரல் எல்லை தரப்பட்டிருப்பது இதிலிருந்தே புலப்படும்.

அடுத்து, முதன்மை வரிசையில் கார்னெட் என்ற பெயரைத் தேடுங்கள். ஒரு கட்டைக்கு ஐந்து குழல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்டாப் அது: அழுத்திய சுரம், அதன் மேல்ஸ்தாயி, அதற்கு மேலுள்ள பஞ்சமம், இரண்டாம் மேல்ஸ்தாயி, அதற்கும் மேலுள்ள காந்தாரம். ஐந்தும் கலந்து, உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குள்ள குழலின் கூர்மையோடு மெல்லிசை பாடும் ஒற்றைக் குரலாகக் காதில் விழும். பிரெஞ்சு ஆர்கன்களின் அடையாளமான இந்த ஸ்டாப்பும், மேல் வரிசையில் உள்ள கிரும்ஹார்ன் என்ற நாக்குக் குழல் ஸ்டாப்பும், ஸ்டிராஸ்பர்கில் கழிந்த இளமையின் தடயங்கள். அவற்றைச் சுற்றியுள்ள கனத்த பிரின்சிபால் கட்டுமானமும், 32 அடி வரை இறங்கும் கால்கட்டையும் சாக்சனி மண்ணுக்குரியவை. இரண்டையும் ஒன்றோடொன்று பொருந்த வைத்ததே சில்பர்மானின் சாதனை என்பது என் கருத்து. புதிய ஸ்டாப்களைக் கண்டுபிடிப்பதில் அவர் பெரிய ஆர்வம் காட்டவில்லை. இந்த ஆர்கனின் முகப்பை வடிவமைப்பதில் அவருக்குத் துணைநின்றவர் ஃபிரைபர்க் பேராலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர் எலியாஸ் லிண்ட்னர். அந்தப் பெயரையும் உங்கள் மூன்றாம் பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேறு நான்கைந்து ஊர்களின் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரோதா மரியன்னை ஆலயம் (1722) ஒற்றைக் கட்டை வரிசையுடன் 11 ஸ்டாப்கள். குரோஸ்ஹார்ட்மான்ஸ்டார்ஃப் (1741) இரண்டு கட்டை வரிசைகளுடன் 21. ஃபிரைபர்க் புனித பேதுரு ஆலயம் (1735) இரண்டு வரிசைகளுடன் 32. இவை பெரிதும் சிறிதுமாக இருந்தாலும் ஒரே திட்டத்தின் அளவுகள் என்பது விரைவில் தெரிந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மாறிக்கொண்டே இருப்பதுதான் கலைஞனின் வளர்ச்சி என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சில்பர்மானோ தமக்குச் சரியென்று பட்ட அளவைக் கண்டுகொண்டபின், அதை நாற்பது ஆண்டுகள் துல்லியமாகத் திரும்பச் செய்தார். சிற்றூர் ஆலயத்துக்கும் தலைநகர் ஆலயத்துக்கும் பொருளின் தரத்தில் வேறுபாடு காட்டவில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் தம் திட்டத்தை எளிதில் மாற்றாத பிடிவாதமும் இதன் மறுபக்கமே.

கேட்பதற்குரிய வரிசை

பெரும்பாலோர் நேராக ஃபிரைபர்க் பேராலயத்தின் முழு ஆர்கன் முழக்கத்தில் தொடங்கிவிடுகிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். ரோதா மரியன்னை ஆலயம் போன்ற சிறிய ஆர்கனின் ஒலிப்பதிவில் தொடங்கினால், 11 நிறங்களை மட்டும் பிரித்தறிந்தால் போதும். எந்தப் பகுதிக்கு எந்த ஸ்டாப் பயன்பட்டது என்ற குறிப்புடன் வரும் ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய குறிப்பு இல்லாத பதிவு இன்பத்துக்கு உதவும், பயிற்சிக்கு உதவாது. முதலில் பிரின்சிபால் 8 அடி தனியாக ஒலிக்கும் மெதுவான பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமும் தொடங்கும் கணத்தில் சிறு மெய்யெழுத்து போன்ற ஒரு தட்டல் இருப்பதைக் கவனியுங்கள். அது காதில் பதிந்தபின் புல்லாங்குழல் வகை ஸ்டாப்களுக்கும், பிறகு கார்னெட்டுக்கும், கடைசியாக மிக்ஸ்டர் எனப்படும் பல குழல் வரிசையுடன் கூடிய முழு ஒலிக்கும் செல்லலாம். அதன்பின் குரோஸ்ஹார்ட்மான்ஸ்டார்ஃப், அதற்கும் பின்னரே பேராலயம்.

ஒப்பீடு இல்லாமல் ஒரு வினைஞரின் தனித்தன்மை பிடிபடாது. வட ஜெர்மனியின் ஆர்ப் ஷ்னிட்கர் (1648–1719) இதற்கு மிகவும் பொருத்தமானவர். ஹாம்பர்க் புனித யாக்கோபு ஆலயத்தில் 1693இல் அவர் முடித்த ஆர்கனில் நான்கு கட்டை வரிசைகளும் 60 ஸ்டாப்களும் உள்ளன. அங்கே கால்கட்டைக்குத் தாழ்ந்த ஒலிகள் மட்டுமன்றி உயர்ந்த, கூர்மையான ஸ்டாப்களும் உண்டு. கால்களே தனியாக மெல்லிசை வாசிக்கலாம். சில்பர்மானின் சிற்றூர் ஆர்கன்களிலோ கால்கட்டை சில ஸ்டாப்களுடன் அடித்தளமாக மட்டுமே நிற்கும். ஒரே இசைக்கோர்வையை இருவரின் ஆர்கன்களிலும் அடுத்தடுத்துக் கேட்டால், ஷ்னிட்கரில் பகுதிகள் ஒன்றோடொன்று வாதிடுவதும், சில்பர்மானில் அவை ஒரே மூச்சில் இணைவதும் விளங்கும்.

சுருதி சேர்ப்பு முறையைக் காதால் அறிவது

இந்தப் பயிற்சியில் மிகச் செறிவான பகுதி இதுதான். அவசரப்படாமல் செய்ய வேண்டும். சுர இடைவெளிகளை அளக்கும் அலகு சென்ட்; ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். இன்றைய பியானோவில் எல்லாப் பஞ்சமங்களும் 700 சென்ட், எல்லா அந்தர காந்தாரங்களும் 400 சென்ட். இயற்கையான பஞ்சமம் 702 சென்ட், இயற்கையான அந்தர காந்தாரம் 386 சென்ட். பஞ்சமத்தில் இழப்பு சிறிது. காந்தாரத்தில் 14 சென்ட் அதிகமாவதால் அது சற்றுக் கரகரக்கும். தம்பூராவின் சுருதியில் தானே எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்குப் பியானோவின் காந்தாரம் உயர்ந்து நிற்பது நன்றாகவே தெரியும்.

சில்பர்மான் பயன்படுத்திய முறையில் பதினொரு பஞ்சமங்கள் ஏறக்குறைய 698 சென்ட்டாகச் சிறிது சுருக்கப்பட்டன. அதன் பயனாக, அடிக்கடி வரும் காந்தாரங்கள் 393 சென்ட் அளவுக்கு இறங்கி, இயற்கை ஒலியை நெருங்கி இனிமையாயின. ஆனால் பன்னிரண்டு பஞ்சமங்கள் சேர்ந்து ஸ்தாயிகளின் கணக்கோடு பொருந்தியாக வேண்டுமே. பதினொன்றில் சுருக்கியதெல்லாம் பன்னிரண்டாவதில் வந்து குவிந்து, அதை ஏறக்குறைய 718 சென்ட் வரை நீட்டிவிட்டது. ஓநாய் என்று ஐரோப்பியர் அழைக்கும் அந்த இடைவெளியை வாசித்தால் ஒலி அலறும். எல்லா ஆதார சுருதிகளிலும் சுதந்திரமாக உலவும் இசை வளர்ந்துவந்த காலத்தில் சில்பர்மான் இம்முறையை விடாமல் பின்பற்றியதை, இசைக் கோட்பாட்டாளர் கேயோர்க் ஆண்ட்ரியாஸ் சோர்கே 1740களில் வெளிப்படையாகவே கண்டித்தார்.

பயிற்சி எளிது. மூல முறையிலோ அதற்கு நெருக்கமாகவோ சுருதி சேர்க்கப்பட்ட ஒரு சில்பர்மான் ஆர்கனின் பதிவில், சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் கூர்மைக் குறிகளும் இறக்கும் தாழ்வுக் குறிகளும் குறைந்த, சி மேஜர் அல்லது எஃப் மேஜர் என்று பெயரிட்ட பகுதி ஒன்றையும், குறிகள் நிறைந்த பகுதி ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது தெளிந்த நீர்போலவும், இரண்டாவது இறுக்கமாகவும் ஒலிக்கும். மேலும், பேராலய ஆர்கனின் சுருதி இன்றைய அளவைவிட அரைச் சுரத்துக்கும் மேலே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது எந்தச் சுருதி என்று குழம்புவீர்கள்.

உடனிருந்தவர்கள் வழியே மனிதரை அறிவது

மூன்றாம் பத்தியில் மிக முக்கியமான பெயர் சகரியாஸ் ஹில்டெபிராண்ட். 1713இல் சில்பர்மானிடம் தொழில் கற்க வந்தவர். தம்மிடம் கற்றவர் தமக்கே போட்டியாகிவிடக் கூடாது என்று சில்பர்மான் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டார். ஹில்டெபிராண்ட் தனியாக ஆர்கன் கட்டத் தொடங்கியதும் வழக்கு மூண்டது. சில்பர்மான் மறுத்த வேலைகளை மட்டுமே ஹில்டெபிராண்ட் ஏற்கலாம் என்ற அளவில் 1724இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு திறமைசாலியின் கையைக் கட்டிப்போட்ட இந்த உடன்பாடு, சில்பர்மானின் வாழ்க்கையில் எனக்கு வருத்தம் தரும் பக்கம். இருப்பினும் கதை அங்கே முடிவதில்லை. நௌம்பர்க் புனித வென்செல் ஆலயத்தில் ஹில்டெபிராண்ட் கட்டிய பெரிய ஆர்கனை 1746 செப்டம்பரில் பரிசோதித்து ஏற்றவர்கள் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாகும் சில்பர்மானும்தாம். டிரெஸ்டன் அரசவை ஆலயத்தின் 47 ஸ்டாப் ஆர்கனில் முதுமையுற்ற ஆசிரியருக்குத் துணைநின்று, அவர் இறந்தபின் 1755இல் வேலையை முடித்தவரும் ஹில்டெபிராண்டே. நௌம்பர்க் ஆர்கனைக் கேட்காமல் சில்பர்மான் பயிற்சியை முடிக்காதீர்கள்.

பாகைப் பொறுத்தவரை, இருவரும் ஒருவரையொருவர் மதித்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. டிரெஸ்டன் சோஃபியா ஆலயத்தில் சில்பர்மான் 1720இல் கட்டிய ஆர்கனில் பாக் 1725இலும் 1731இலும் வாசித்தார். பிறகு அவருடைய மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் அங்கே ஆர்கன் வாசிப்பாளரானார். டிரெஸ்டனில் ஃபிராவென்கிர்க்க என்னும் ஆலயத்தின் புதிய ஆர்கனில் 1736 டிசம்பர் 1இல் பாக் இசை நிகழ்த்தினார். இருப்பினும் சில்பர்மான் செய்த தொடக்ககாலப் பியானோவைப் பாக் குறை கூறினார். பியானோவை முதலில் உருவாக்கிய இத்தாலியர் கிறிஸ்டோஃபோரியின் அமைப்பைப் பின்பற்றிச் சில்பர்மான் செய்த அக்கருவியில் நாதம் நன்றாயிருப்பதாகவும், மேல் ஸ்தாயி வலுவற்றதாகவும், கட்டைகள் கனமாகவும் இருப்பதாகவும் பாக் சொன்னதாக அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதுகிறார். சில்பர்மான் முதலில் மனம் நொந்தாலும், பல ஆண்டுகள் உழைத்துக் குறையை நீக்கினார். 1747 மே மாதம் போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் முன்னிலையில் பாக் வாசித்தது சில்பர்மானின் பியானோக்களில்தான். ஆர்கனில் அசையாத மனிதர், பியானோவில் குறை கேட்டு மாற்றிக்கொண்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் முழுமையாகத் தெரிவார்.

எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது

சில்பர்மான் ஆர்கன் என்று ஒரு பதிவின் மேல் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க வேண்டாம்; குழல்கள், காற்றுப்பெட்டி, முகப்பு, சுருதி ஆகிய நான்கில் எவை அவர் காலத்தவை என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். ஃபிராவென்ஸ்டைனுக்கு அவர் முதலில் செய்த ஆர்கன் 1728 தீவிபத்தில் அழிந்தது. சிட்டாவ் நகரின் ஆர்கன் 1757இல் ஏழாண்டுப் போரின் குண்டுவீச்சில் போயிற்று. சோஃபியா ஆலயத்தின் ஆர்கனும் ஃபிராவென்கிர்க்கவின் ஆர்கனும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனோடு எரிந்தன. அரசவை ஆலயத்தின் ஆர்கனுக்கு நேர்ந்தது வேறு. 1944இல் அதன் குழல்களையும் காற்றுப்பெட்டிகளையும் கழற்றி வெளியூருக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தார்கள். முகப்பு மட்டும் எரிந்தது. பின்னர் 1971இல் ஆர்கன் மீண்டும் ஒலித்தது. அங்கே நீங்கள் பார்ப்பது புதியது, கேட்பது பழையது. மீட்டுக் கட்டப்பட்ட ஃபிராவென்கிர்க்கவில் 2005 முதல் ஒலிப்பது சில்பர்மானின் ஆர்கன் அன்று. அவருடைய ஸ்டாப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, அதை விரித்து, டேனியல் கெர்ன் கட்டிய புதிய ஆர்கன். கெர்னின் பட்டறை இருப்பது ஸ்டிராஸ்பர்கில்.

நேரில் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் ஃபிரைபர்கைத் தங்குமிடமாகக் கொள்ளுங்கள். அந்த ஒரே நகரத்தில் பேராலயத்தின் பெரிய ஆர்கன், அதே ஆலயத்தில் இப்போது வைக்கப்பட்டிருக்கும் 1719ஆம் ஆண்டின் 14 ஸ்டாப் சிறிய ஆர்கன், புனித யாக்கோபு ஆலயத்தின் ஆர்கன், புனித பேதுரு ஆலயத்தின் ஆர்கன் என்று நான்கையும் கேட்கலாம். ஃபிராவென்ஸ்டைன் கோட்டையில் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. உள்ளமைப்பைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் வகையில், அவருடைய சிறிய ஆர்கன் ஒன்றின் மறுபடைப்பும் அங்கே இருக்கிறது. சிற்றூர் ஆலயங்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும்; வழிபாட்டு நேரத்தையோ கச்சேரி நாளையோ முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். உள்ளே முதலில் ஆலயத்தின் நடுவில் அமர்ந்து கேளுங்கள். இசை முடிந்தபின் அனுமதி பெற்று மாடிக்கு ஏறி, குமிழ்களின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களை உங்கள் தாளிலுள்ள பட்டியலோடு ஒத்துப்பாருங்கள்.